இன்டர்வியூ சேலையும் எங்கள் வீட்டுப் பூனையும்

இன்று எனக்கு டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஏனுங்க, ஊட்ல பூனை வளக்கறீங்களா?"

குனிந்து பார்த்தால், முந்தானையில் மஞ்சள் கறை. பூனை மூத்திரம். ஜலதோஷத்தில் எனக்கு நாற்றமே தெரியவில்லை.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பிவிட்டேன். வேலை போயிற்று.

வீட்டில் அந்தச் சனியன் கணவரின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதை எங்காச்சும் கொண்டுபோய் உட்டுப்போட்டு வாங்க" என்றேன்.

"அதுக்கென்ன தெரியும் அம்மணி? நீதான் பீரோவைச் சாத்தி வெச்சிருக்கோணும்" என்றார்.

அவருடைய சட்டைகள் இருக்கும் பீரோவை அகலத் திறந்து வைத்தேன். பூனை இப்போதுதான் உள்ளே போனது.

நான் செய்தது தப்பா? மோடம் இணைப்பு அறுந்துபோவதற்குள் இந்தக் குழுவில் இருக்கிறவர்கள் பதில் எழுதுங்கள்.