கீறல் போட்ட முள்கரண்டிகள்

ஜெர்மனியில் ஆஹெனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எசனில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனும் நானும் அங்கே ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். மாடியில் ஹவுஸ் ஓனர். எங்கள் கிச்சனில் அவருடைய பழைய மர அலமாரி ஒன்று நின்றது, அதில் இரண்டு டிராயர். இரண்டிலும் ஒரே மாதிரி முள்கரண்டிகள்தான். ஆனால் ஒரு டிராயரில் இருந்தவற்றின் காம்பில் மட்டும் அரத்தால் போட்ட கீறல்.

"மச்சி, இது கவுச்சிக் கரண்டிடா," என்றேன். மதுரையில் எங்கள் அம்மாவின் கறிச்சட்டியை யாராவது சாம்பார் வைக்க எடுத்தால் கொலை விழும்.

"ஜெர்மன்காரர் எப்ப மச்சான் சைவம் பாத்தவை?" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஊரில் முன்பு இருந்த யூதர்களைப் பற்றி விவரம் சேர்க்கும் டீச்சர் ஒருவரிடம் போட்டோ காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. யூதர் வீடுகளில் பாலுக்குத் தனி, இறைச்சிக்குத் தனி என்றார். அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதியிருந்த பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. எதிர்த் தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். வெள்ளிக்கிழமை இருட்டுமுன் ஷட்டர் இறங்கிவிடுமாம். மகள் எந்நேரமும் ஸ்கேட்டிங் போய் முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வருவாளாம். அவளை மட்டும் இங்கிலாந்துக்கு அனுப்பித் தப்ப வைத்தார்கள். மற்றவர்களை நாஜிகள் வதைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். அந்த வாரமே அவர்கள் சாமான்களை நடுத்தெருவில் ஏலம் விட, அக்கம்பக்கத்தார் முண்டியடித்து வாங்கினார்கள்.

அந்த மகளின் மகள் ஞாயிற்றுக்கிழமை அலமாரியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. டீச்சர் இதை மரியாதைக்கு ஹவுஸ் ஓனரிடமும் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை ஓனர் கோடாரியோடு இறங்கி வந்தார்.

"எங்க தாத்தா காசு குடுத்து வாங்கினது!" என்று ஜெர்மனில் கத்திக்கொண்டே ஒரே வீச்சு. கதவுக் கண்ணாடி சிதறி என் கன்னத்தைக் கிழித்தது. நண்பன் ஓடிப்போய் அலமாரியைக் கட்டிக்கொண்டான்.

"தள்ளுடா!" என்றார் ஓனர்.

"ஏலாது!" அவனுக்குத் தமிழ்தான் வந்தது. "கொழும்பில எண்பத்துமூண்டு கலவரத்தில எங்கட அம்மான்ர தையல் மெஷினையும் இப்பிடித்தான் அள்ளிக்கொண்டு போனவங்கள்! பக்கத்து வீட்டுக்காரியே அதில இருந்து தைச்சவள்!"

கோடாரிக் காம்பு அவன் முழங்கையில் இறங்கியது. முறுக்கு உடைகிற சத்தம். நான் தோசைக்கல்லைத் தூக்கி ஓனரின் தோளில் ஒன்று போட்டேன், வாயில் ஒன்று. பல்லும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டு விழுந்தார். ஆனாலும் எழுந்தார். அலமாரி விறகாகும்வரை வெட்டினார்.

போலீஸ் வந்து விளக்கியது. கை முறிந்ததற்கு அவர் மேல் கேஸ், பல்லுக்கு என் மேல் கேஸ். அலமாரி அவருடைய சொத்து, அதற்குக் கேஸ் கிடையாது.

மறுநாள் துணிக்கடைக் குடும்பத்துப் பேத்தி வந்தார். விறகுக்கு நடுவே நின்றார். நாங்கள் பொறுக்கி வைத்திருந்த முள்கரண்டிகளைத் தொடக்கூட இல்லை.

"அவன் எங்கே?"

மாடியைக் காட்டினேன். ஏறிப்போய்க் கதவில் முஷ்டியால் குத்தினார். திறக்கவில்லை. விரல் முட்டியில் தோல் உரிந்தும் நிறுத்தவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி நண்பன் மறு கையால் குத்தினான். நான் உதைத்தேன்.

உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.