பக்கத்து வீட்டுக்குப் போன மாத்திரை

மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டிலிருந்து பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவள் சங்கமித்ரா. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகக் காலர் தைக்கிறாள்.

கணவன் ரத்தினம் எலக்ட்ரீஷியன். போன வருஷம் ஏணிமேல் நின்றபடியே, கையிலிருந்த டெஸ்டரின் பெயர் மறந்துபோய் இறங்கி வந்தான். மூளையில் கட்டி. அறுவை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஐந்தே மாதத்தில் அது மறுபடி வளர்ந்தது.

பெங்களூர் டாக்டர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். "சர்க்கரை நோய்க்கு ரொம்ப வருஷமா குடுக்கிற மாத்திரைதாம்மா. இந்தக் கட்டி வளர்றதை அது தாமதப்படுத்துமான்னு பார்க்கிறோம். உறுதி சொல்ல முடியாது."

மித்ரா கையெழுத்துப் போட்டாள். வேலை முடிந்து வந்ததும் முதலில் மாத்திரை அட்டையைத்தான் பார்ப்பாள். அன்றைய குழிகள் காலியாக இருந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். மூன்று மாதம் ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை. ஆனாலும் அடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது.

"இந்த மாத்திரை இவருக்குக் கேக்கலைம்மா" என்றார் டாக்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு பார்வதம்மா, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா ரத்தினம், இன்னிக்கு மாத்திரை குடுக்காம மறந்துட்டியா?"

பார்வதம்மா போன பிறகு மித்ரா கணவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க இது?"

"அக்காவோட சக்கரை மாத்திரை கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஸ்டாக் இல்லியாம். அக்காவுக்குப் புண்ணு ஆறவே இல்ல. எனக்கு இன்னா, சக்கரையா கீது?" சிரித்தான். வாயின் ஒரு பக்கம் மட்டுமே சிரித்தது.

சுரங்க ஆஸ்பத்திரி இருந்த காலத்திலேயே அந்த லைனில் அப்படித்தான். ஒரு வீட்டுக்குக் கொடுத்த மாத்திரையில் நாலு வீட்டுக் காய்ச்சல் இறங்கும். அதை யாரும் தப்பென்று தட்டிக் கேட்டதில்லை.

"உங்களுக்குக் குடுத்ததுங்க அது" என்றாள்.

ரத்தினம் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னான். "எனக்குக் கேக்குமான்னு டாக்டருக்கே தெரியல. அக்காவுக்குக் கேக்கும்னு எல்லாருக்கும் தெரியும்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு மித்ரா தனியாக டாக்டரிடம் போனாள். உள்ளே நுழையும்வரை என்ன சொல்வதென்று தெரியவில்லை. கணவனைக் காட்டிக்கொடுப்பது போலிருந்தது.

"சார், அவர் அந்த மாத்திரையைச் சாப்பிடவே இல்லை. கேக்கலைன்னு எழுதிடாதீங்க. வேற யாருக்காவது கேக்கலாம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டவில்லை. "இனி அவரை ஆய்வுல வச்சிருக்க முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

"இப்ப ஆரம்பிச்சாலாவது..?"

மித்ரா பஜாரில் அதே மாத்திரையை வாங்கிக்கொண்டு போய், தினமும் தன் கையாலேயே கொடுத்தாள். மூன்றாவது வாரம் அவனுக்கு விழுங்க முடியாமல் போனது. அந்த மாதக் கடைசியில் இறந்தான்.

மீதியிருந்த அட்டையைப் பார்வதம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். முன்பு ரத்தினம் கொடுத்தது எதற்காக வந்த மாத்திரை என்று இன்றுவரை சொல்லவில்லை.

பார்வதம்மாவின் புண் ஆறிவிட்டது. ரயிலுக்குப் போகும்போது, தண்ணீர்க் குழாயடியில் சேலையைத் தூக்கிச் செருகி நிற்கும் அவள் காலை மித்ரா தினமும் பார்க்கிறாள். வெள்ளையாக, காசளவு தழும்பு.