கிரேனிலிருந்து இறங்கிய இளவரசி

மூன்று அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவள் என்பதால் வீட்டில் அவளை இளவரசி என்றே கூப்பிட்டார்கள். அப்பா ஜவுளிக்கடைக்காரர். தெருவும் அந்தப் பெயருக்கே பழகிவிட்டது. அவள் ஒரு வாளியைத் தூக்கினால்கூட யாராவது ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். கட்டுமானக் கம்பெனியில் வேலை என்று அவள் சொன்னபோது, ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை. உண்மையில் அவள் உட்கார்ந்திருந்தது கிரேனின் உச்சியில், ஒரு கண்ணாடி அறைக்குள்.

கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம். பெண்ணுக்குப் பரிசாக வாங்கவிருந்த வீட்டைக் காட்ட, மாப்பிள்ளையையும் அவன் அம்மாவையும் அவளுடைய கிரேன் நின்ற கட்டடத்துக்கே அப்பா கூட்டிப்போனார். மகளுக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் வாங்கி அசத்த நினைத்தார்.

அவர்கள் மேலே இருந்தபோது வெல்டிங் பொறி கீழ்மாடியில் கிடந்த தெர்மாகோல் அட்டைகளில் விழுந்தது. படிக்கட்டு முழுக்கப் புகை. மூவரும் மொட்டைத் தளத்துக்கு ஓடினார்கள். கைகளை ஆட்டும் மூன்று பேரைக் கிரேனிலிருந்து அவள் பார்த்தாள். ஹெல்மெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தவர் தன் அப்பா என்று தெரிந்ததும் வாக்கிடாக்கியை எட்டி எடுத்தாள்.

"நீ இறங்கிடும்மா, தீயணைப்பு வண்டி வந்துட்டிருக்கு" என்றார் சூப்பர்வைசர், வாக்கிடாக்கியில்.

"அங்க நிக்கிறது எங்கப்பா சார். கொக்கியில ஆளேத்துற கூண்ட மாட்டச் சொல்லுங்க."

புகைக்குள் கூண்டை இறக்கித் தளத்தில் வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஏற மறுத்தார். அப்பா அவரைத் தள்ளி ஏற்றினார்.

தரைக்கு வந்ததும் அப்பா இருமிக்கொண்டே கேட்டார்: "மேல இருக்கிற தம்பி யாருங்க? அவர் கையப் புடிச்சு ஒரு வார்த்த சொல்லணும்."

"தம்பி இல்லீங்க" என்று சூப்பர்வைசர் ஏணியைக் காட்டினார்.

அவள் கம்பி கம்பியாக இறங்கி வந்தாள். அப்பா மணல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீயா?" என்றார். வேறு பதில் வருமோ என்பதுபோல மறுபடியும், "நீயா?"

மாப்பிள்ளை முகத்துக் கரியைத் துடைத்தான். "கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் வேண்டாம், சரியா?"

அவன் அம்மா அவனைத் திகைத்துப் பார்த்தார். "உனக்கு இருமலே இன்னும் நிக்கலயேடா."

"வேலைய விடமாட்டேங்க" என்றாள் அவள். கல்யாணம் அத்தோடு நின்றது.

வீட்டில் அண்ணன்கள் கோபத்தில் குதித்தார்கள். அம்மா மட்டும் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அழப்போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அவ்வளவு ஒசரத்துல ஒண்ணுக்கு வந்தா என்னடி பண்ணுவ?" என்றாள்.

அண்ணன்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். பதிலைக் கேட்க அப்பாவும் தலையைத் தூக்கினார்.

அவள் மறுவாரமே கிரேனில் ஏறினாள். அந்தக் கிரேன் கண்ணில் படாத தெருவழியாகத்தான் அப்பா கடைக்குப் போகிறார். காற்று பலமாக அடித்தால் மட்டும், துணி எடுக்க வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு கிரேன் தெரியும் தெருமுனைவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.