தேசம்மா ஆயா வைத்த பாடு

மருந்துச் சீட்டை நீட்டிய அம்மாள் மாத்திரையை வாங்காமல் என்னையே பார்த்தார். "உனக்கு சேதி தெரியாதாம்மா? நம்ம பால்வாடி தேசம்மா காலைல போய்ட்டா. தண்ணிக் கொடத்த எறக்கி வச்சா, அப்டியே செவுத்துல சாஞ்சி ஒக்காந்தா. அவ்ளோதான்." அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேருக்கும் கொடுத்து முடித்த பிறகே எழுந்தேன். வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு ஓடியிருந்தால் ஆயாவே என்னைத் திட்டியிருப்பார்.

படத்திறப்பன்று என்னையும் பேசச் சொன்னார்கள். வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று சொல்ல நினைத்ததை, அவரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போன தோணிரேவுத் தாய்மார்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் பழவேற்காட்டில் அரசு மருந்தகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பிறந்த ஊர் கடலை விட்டு உள்ளே, நெல் விளைகிற பக்கம். கணவருக்கு எண்ணூர்ப் பக்கம் ஷிப்டு வேலை. பக்கத்து மீனவர் ஊரான தோணிரேவில் வாடகைக்கு வீடு எடுத்தோம். மகள் மதிக்கு மூன்று வயது முடியவில்லை. அவள் பால்வாடியில் ஒட்டிக்கொண்டால் எங்களோடு இருப்பாள். இல்லையென்றால் முதல் வார வெள்ளிக்கிழமையே என் அப்பா, நைனா, வந்து ஊருக்கு அழைத்துப் போவார் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிற மகளாக அவள் ஆகிவிடுவாள் என்ற பயம் எனக்கு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் ஆதார் அட்டையைப் பார்த்து, மதியின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். மதி என் சேலையை விடாமல் அலறினாள். தேசம்மா ஆயா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, "நீ போம்மா. நின்னா ரெண்டு பேரும் அழுவீங்கோ" என்றார். மத்தியான இடைவேளையில் ஓடி வந்து சன்னல் வழியாகப் பார்த்தேன். மதி தரையில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். ஆயா அவள் மூக்கைத் துடைத்தார், சாதத்தைப் பிசைந்து ஊட்டினார், தலையைத் தடவினார். தூங்கும் நேரம் வந்ததும் வேறொரு குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். என் மகள் பாயில் கிடந்து அழுதாள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்நியரிடம் பேசத் தயங்குகிறவள் நான். அன்று உள்ளே போய், "புதுக் குழந்தையைக் கொஞ்சம் மடியில் எடுத்தால் என்ன ஆயா?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னிக்கு இவன் பாடு. உம் பொண்ணு பாடு வெள்ளிக்கெழம."

பாடு என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா சிரித்துக்கொண்டே விளக்கினார். பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை இறக்குவது என்று ஊர் வைத்திருக்கும் முறைதான் பாடு. தன் முறை வரும்வரை யாரும் அங்கே வலை போடமாட்டார்கள். அதே முறையைத் தேசம்மா ஆயா தன் மடிக்கு வைத்திருந்தார். மத்தியானத் தூக்கத்துக்கு, ஒரு நாளைக்கு ஒரு குழந்தை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினேழு பிள்ளைகளின் வரிசையும் மனதிலேயே இருந்தது. நடக்கிற சுற்று வியாழனோடு முடிகிறது. அடுத்த சுற்றின் முதல் நாளை மதிக்கு வைத்திருந்தார்.

அதற்கும் எதிர்ப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஒரு தாய் என் காதுபடவே கேட்டார்: "வெளியூர்க்காரி கொழந்தைய நடுவுல சொருவுனா, எங்க புள்ளைங்களுக்கு ஒரு நாள் தள்ளிப்போவுதே ஆயா?"

"டச்சுக்காரன் கோட்ட கட்டிக்கினு ஒக்காந்த ஊருமே இது. அவனுக்கே எடம் குட்தோம். இந்தப் பொண்ணு உங்க மாமியாருக்கு மாத்திர குடுக்க வந்துகீது. இத வெளியூருன்றியா?"

"அதுக்கில்ல ஆயா…"

"எதுக்கில்ல? ஏரின்னா எறா கொறையும். எம் மடில இன்னா கொறஞ்சிடும்? போய் ஒலைய வை, போ."

அந்தத் தாயும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை நைனா வருவதை அன்று ஆயாவிடம் மெல்லச் சொன்னேன். "வரட்டும்" என்றார்.

புதன்கிழமையும் மதி அழுதாள். வியாழக்கிழமை காலை கன்னியம்மா மனம் கேட்காமல், "இன்னிக்கு எம் பேத்தி பாடுதான் ஆயா. அத இந்தக் கொழந்தைக்கு வுட்டுக் குட்தர்றோம். பாவம், தொண்டையே கட்டிப்போச்சு" என்றார். நான் நன்றியோடு ஆயாவைப் பார்த்தேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டிவிட்டார்.

"வேணாம். எரவல் மடில ஒக்காந்தா விருந்தாளி. தம் பாடு வந்து ஒக்காந்தாத்தான் ஊர்க்காரி. இன்னும் ஒரு நாள்தான, இருக்கட்டும்."

எனக்கு இருந்ததும் அந்த ஒரு நாள்தான். அன்று மருந்தகத்துக்குப் போகும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டினேன். அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நைனா மதியின் துணிகளை எடுத்துப்போக ஒரு பையோடு வந்தார். நான் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். இருவருமாகப் பால்வாடி வாசலுக்குப் போனோம். சாப்பாடு முடிந்திருந்தது. ஆயா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, "இன்னிக்கு யார் பாடு?" என்று கேட்டார். பதினேழு பிள்ளைகளும் ஒரே குரலில், "மதி பாடு! மதி பாடு!" என்று கத்தினார்கள். பாய்களைத் தள்ளி வழி விட்டார்கள். அவள் பெயரை அவர்கள் சொல்லி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. மதி ஒரு நிமிடம் எல்லார் முகத்தையும் பார்த்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தானே நடந்துபோய் அந்த மடியில் ஏறிப் படுத்தாள்.

நைனா உள்ளே கால் வைத்தார். ஆயா தலையைத் தூக்காமலே சொன்னார்: "இன்னாங்க சம்மந்தி, பாடு முடியாம யாரும் வலைய தூக்க முடியாது. அப்டி ஒக்காருங்க."

நைனா உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் அசையவில்லை. மதி கண் விழித்ததும், "ஊருக்குப் போலாமா கண்ணு?" என்று கேட்டார். அவள், "நான் வரல தாத்தா. எனக்குப் பாடு வரும்" என்றாள். துணிக்காகக் கொண்டுவந்த பையில் ஆயா கருவாட்டைப் பொட்டலம் கட்டிப் போட்டு அவரை அனுப்பிவைத்தார்.

அடுத்த வருடம் பால்வாடியைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். துறுதுறுவென்று இருந்த ஒரு குழந்தையைக் காட்டி, அதை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுக்கலாம் என்றார். "இன்னிக்கு அது பாடு இல்ல சார்" என்றார் ஆயா. டீச்சருக்கு வேர்த்துவிட்டது. அதிகாரி விவரம் கேட்டுவிட்டு, அன்று பாடு வந்த பையனோடு படம் எடுத்துக்கொண்டார். அவன் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தான். ஆயா துடைக்கவும் இல்லை. "மூக்கு ஒழுவுனாலும் அவன் பாடு அவன் பாடுதான்" என்றார்.

எப்படி இந்த யோசனை வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொன்னார். "எங்க வூட்டுக்காரரு போனப்புறம் எங்களுக்கு ஏரில பாடு இல்ல. வூட்ல ஆம்பள இல்லல்ல? அதான் நானே ஒண்ணு வச்சிகினேன். இதுல யார் பேரையும் வுட மாட்டேன்."

விடவில்லை. காரியம் முடிந்து பால்வாடி திறந்த அன்று, புதிதாக வந்த ஆயா யாரை முதலில் தூங்க வைப்பது என்று தெரியாமல் நின்றாராம். பிள்ளைகளே அன்று யார் பாடு, மறுநாள் யார் பாடு என்று கடைசிப் பெயர்வரை சொல்லியிருக்கிறார்கள். எழுதத் தெரியாத ஒருவர் அதை அவர்களிடம் அவ்வளவு உறுதியாக விட்டுப்போயிருக்கிறார்.

மதி இப்போது ஒன்றாம் வகுப்பு. இரவில் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் தூங்குகிறாள். மருந்தகச் சன்னலில் புது ஆட்கள் யாராவது, "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்பார்கள். வந்த புதிதில் நெல் விளைகிற என் பிறந்த ஊரின் பெயரைச் சொல்வேன். இப்போது "தோணிரேவு" என்கிறேன். ஆயா எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்த ஊர்தான்.