கலிபா வீட்டு வாசலில் தொங்கிய டீசல்

நாரின் ஊரைத் தாண்டி தோலோன் கணவாய்க்கு ஏறும் சாலையில் கடைசி வீடு கலிபாவுடையது. குளிர்காலத்தில் கிளம்ப மறுக்கும் டீசல் வண்டி எதுவானாலும் நாங்கள் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு அங்கேதான் போவோம். அவளுக்கு வண்டியைக் கிளப்பத் தெரியும், வண்டிக்காரனைத் திட்டவும் தெரியும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்வாள். அவளை இந்த வேலைக்குள் இழுத்துவந்தது ஒருவன்மேல் இருந்த வன்மம்.

அவள் புருஷன் சாபர்பெக், எங்களைப் போலவே தலைநகர் பிஷ்கெக் வரை வேனில் ஆள் ஏற்றுகிறவன். வயிற்றுப் புண் காரணமாக வோட்காவைத் தொடாத மனிதன். கல்யாண வீடுகளில் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். அவனைக் கேலி செய்யாத ஆள் எங்களில் கிடையாது. ஒரு ஜனவரியில் சரக்கு எடுத்துவரத் தனியாகக் கணவாய் ஏறியபோது வண்டி திணறித் திணறி நின்றுவிட்டது. டீசல் உறைந்துபோயிருந்தது. ஹீட்டரும் நின்றுபோக, காற்று அடித்த அடியில் வண்டிக்குள் குளிர் தாங்க முடியாமல் இறங்கி நடந்திருக்கிறான். நிலக்கரி லாரிக்காரர்கள் அவனைப் பனியிலிருந்து தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு பாதங்களிலும் முன்பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அன்று அவன் டீசல் போட்டது மொல்தோகாசியின் பங்க்கில். கோடையில் விற்காமல் தங்கிய, குளிரில் மெழுகாக இறுகிவிடும் டீசலைக் குளிர்கால டீசல் என்று சொல்லி மொல்தோகாசி தள்ளிவிடுகிறான் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. சத்தமாகச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை, ஊர் எல்லையில் இருந்தது அந்த ஒரு பங்க்தான். சாபர்பெக் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே மொல்தோகாசி ஒரு விருந்தில் முந்திக்கொண்டான்.

“நல்லாக் குடிச்சிருக்கான்யா. போதையில வண்டிய நிறுத்திட்டுத் தூங்கிட்டான். டீசல் என்ன பண்ணும் பாவம்?”

குடிக்காதவனென்று தெரிந்தவர்களே, ரகசியமாகக் குடித்திருப்பான் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். குளிரில் கால் போனால் ஊர் இரக்கப்படும். குடித்துவிட்டுக் கால் போனால் சிரிக்கும். சாபர்பெக் வீடு திரும்பியபோது வண்டி நிலையத்தில் டிக்கெட் கிழிக்கிற வேலைகூட அவனுக்குத் தர மறுத்தார்கள். அவன் எதையும் யாரிடமும் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கலிபா படுக்கவில்லை. இழுத்துவந்து முற்றத்தில் நிறுத்தியிருந்த வேனின் டீசல் ஃபில்டரைப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னாள். வெட்டிப் பார்த்தால் உள்ளே ஆட்டுக் கொழுப்பு மாதிரி வெள்ளையாக அடைத்திருந்தது. அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புகார் கொடுக்கப் போனாள். அலுவலகத்தில் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அதிகாரி தேநீரைக் குடித்து முடித்து அவளைக் கூப்பிடுவதற்குள் கொழுப்பு முழுவதும் உருகித் துணியில் வெறும் டீசலாக ஊறிவிட்டது. அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கேம்மா மெழுகு என்று கேட்டாராம். விஷயம் பங்க்குக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பொம்பளைக்கு ஃபில்டர் வண்டியில் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்றாவது தெரியுமா என்று மொல்தோகாசி கேட்டதாக, அவளிடமே வந்து சொன்னார்கள்.

அந்த வசந்தத்தில் அவள் வேனின் இன்ஜினைப் பிரித்து முற்றத்தில் படுக்கை விரிப்பின்மேல் பரப்பினாள். சாபர்பெக் ஜன்னலிலிருந்து முதலில் கத்தினான். பிறகு, அந்த நட்டைக் கழற்றுமுன் இதைக் கழற்று என்று கத்தினான். கோடை முடிவதற்குள் அந்த வேன் மறுபடி ஓடியது. அடுத்து யாரோ தங்கள் பழைய ஜெர்மன் காரைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு வாசலில் வண்டிகள் குறையவே இல்லை.

உறைந்த காலைகளில் அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். இன்ஜினுக்கு அடியில் தீயைச் சீறியடிக்கும் ஊதுவிளக்கை வைத்து ஆயில் தொட்டியைச் சூடாக்குவாள். ஃபில்டர்மேல் கெட்டிலிலிருந்து வெந்நீரை மெல்ல ஊற்றுவாள். இன்ஜினை உள்ளிருந்து சூடேற்றும் குளோ பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சிவக்கிறதா என்று பேட்டரியில் வைத்துப் பார்ப்பாள். கடைசியில் பம்ப்பை அடித்து டீசல் குழாயில் சிக்கிய ஏரை எடுப்பாள். இவ்வளவு நேரமும் வாய் ஓயாது.

“மாட்டுக்குக் கம்பளி போட்டியா? அப்ப இன்ஜினுக்கு யாரு போடுவா, உன் மாமியாரா? பேட்டரிய வீட்டுக்குள்ள எடுத்து வெக்கலியா? இடம் இல்லைன்னா பேட்டரிய உள்ள படுக்க வெச்சிட்டு நீ வெளிய படுடா.”

வண்டி கிளம்பியதும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். எங்கே டீசல் போட்டாய்? மொல்தோகாசி பங்க்கில் என்று சொன்னால் தலையை மட்டும் அசைப்பாள்.

நவம்பரில் குளிர் இறங்கியதும் அவள் வீட்டு வாசல் கம்பத்தில் இரண்டு பழைய வோட்கா பாட்டில்கள் தொங்கின. ஒன்றில் பாலிக்சி ஊரிலிருந்து ஆள்விட்டு வாங்கிய டீசல். மற்றொன்றில் மொல்தோகாசியின் பங்க்கில் அவளே போய் வாங்கிவந்த டீசல். எது எங்கே வாங்கியது என்று அட்டையில் எழுதிக் கட்டியிருந்தாள். காலையில் பார்த்தால் பாலிக்சி டீசல் தேநீர் போலத் தெளிவாக இருக்கும். மற்றது ஆறிப்போன ஆட்டுக்கறிச் சாறு மாதிரி வெள்ளையாக இறுகியிருக்கும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு இறங்காது. கணவாய்க்குப் போகிற எல்லா வண்டியும் அந்த வாசலைக் கடந்துதான் போக வேண்டும்.

“அன்னிக்குக் கணவாயில யாரு குடிச்சிருந்தாங்கன்னு எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க” என்றாள் கலிபா. எந்த அடுப்பும் அதை உருக்கிவிட முடியாது, அது வெளியில் தொங்கியது.

பங்க்கில் கூட்டம் குறைந்தது. மொல்தோகாசி ஆள் அனுப்பிப் பாட்டில்களை உடைத்தான். மறுநாள் வேறு இரண்டு தொங்கின. அவளுக்கு டீசல் விற்கக் கூடாது என்று பங்க்கில் சொல்லிவைத்தான். நாங்கள் வாங்கிக் கொடுத்தோம், நானும் கொடுத்திருக்கிறேன். கடைசியில், பிப்ரவரிக் குளிரில், ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு சமாதானம் பேச வந்தான். ஓர் ஆடும், சாபர்பெக்குக்கு ஒரு புது மேலங்கியும் கொண்டுவந்திருந்தான். என் வேனில்தான் எல்லோரும் வந்தார்கள். அதனால் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

கலிபா விரிப்பைப் பரப்பினாள், ரொட்டி வைத்தாள், எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். மொல்தோகாசி முன்னால் மட்டும் கோப்பை வைக்கவில்லை. அதை எல்லோரும் பார்த்தோம்.

பெரியவர்களில் மூத்தவர் கெரிம்பாய். “மருமகளே, ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு இப்படி முறைச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. அவன் ஆட்டோட வந்திருக்கான். அந்த பாட்டிலக் கழட்டிடும்மா” என்றார்.

“ஆடு வேணாம் மாமா” என்றாள் கலிபா. குரலை உயர்த்தவே இல்லை. “இவர ஒரு சின்னக் காரியம் செய்யச் சொல்லுங்க. நாளைக்குக் காலைல இவரு ஜீப்புல, இவரு பங்க்லயே டீசல் நிரப்பட்டும். அம்மாவையும் சம்சாரத்தையும் உக்கார வெச்சுக்கிட்டு தோலோன் தாண்டி கொச்கோர் வரைக்கும் போயிட்டு வரட்டும். வந்து சேந்ததும் நானே கழட்டிடறேன். இவரு கால்ல விழுந்து மன்னிப்பும் கேக்கறேன்.”

மொல்தோகாசி சிரிக்கப் பார்த்தான். அம்மாவுக்கு மூட்டு வலி, இந்தக் குளிர் ஆகாது என்றான்.

“சரி, அம்மா வேணாம். நீங்க மட்டும் போங்க.”

அவன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெரிம்பாய் கோப்பையைக் கீழே வைத்தார்.

“உன் ஜீப்புக்கு நீ எங்கடா டீசல் போடற?”

மொல்தோகாசி விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுவரோரம் உட்கார்ந்திருந்த சாபர்பெக் அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தான். கலிபா யாரையும் பார்க்காமல் கெரிம்பாயின் கோப்பையை எடுத்து மறுபடி நிரப்பினாள். அவர் அதைக் குடிக்கவில்லை. விருந்து முடிந்தது என்பதற்கு அடையாளமாக முகத்தை இரு கைகளாலும் தடவி எழுந்தார். “ஆட்டப் பிடிச்சுக்கிட்டுக் கிளம்பு. என் கண்ணு முன்னால நிக்காத” என்றார் அவனிடம். திரும்பும்போது அவனை வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார். அவன் அந்த ஆட்டை இழுத்துக்கொண்டு பனியில் ஊர்வரை நடந்தான். கலிபா வாசலில் நின்று, அவன் வளைவில் மறைகிற வரை பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவளிடம் அதற்குமுன் கண்டதில்லை.

சாபர்பெக் குடிக்கவில்லை என்று கெரிம்பாய் ஒவ்வொரு விருந்திலும் எழுந்து சொன்னார். அவனுக்கு வண்டி நிலையத்தில் வேலை கிடைத்தது. பனி உருகுமுன் மொல்தோகாசி பங்க்கை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டு தோக்மோக் பக்கம் போய்விட்டான். போதும் கலிபா, இனி விடு என்றான் சாபர்பெக். “உங்களுக்குப் போதும். எனக்கு இன்னும் ஆறல” என்றாள் அவள்.

இரண்டு வருஷம் கழித்து மொல்தோகாசியின் அம்மா இறந்துபோனாள். அவன் ஊருக்கு வந்து, எங்கள் வழக்கப்படி வீட்டுமுன் துக்கக் கூடாரம் அடித்து, வாசலில் நின்று அழுதான். எங்கள் பக்கம் எவ்வளவு பகை இருந்தாலும் சாவுக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள். அதுவும் அந்தக் கிழவி, சாபர்பெக் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மகனுக்குத் தெரியாமல் சூப் கொண்டுவந்து கொடுத்தவள். ஊரே போனது. சாபர்பெக் கோல்களை ஊன்றிக்கொண்டு போனான். கலிபா மட்டும் முற்றத்தில் என் வேனுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தாள். இது கொஞ்சம் அதிகம் இல்லையா அக்கா என்று கேட்டுவிட்டேன்.

“அந்தம்மா தங்கமானவங்க” என்றாள் வண்டிக்கு அடியிலிருந்து. “அவங்களுக்காக இங்கயே அழுதாச்சு. அங்க போனா அவன் கையப் பிடிக்கணும். என்னால ஆகாது. நீ அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடு.”

நான் எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் சாபர்பெக் திரும்பிவந்து படியில் உட்கார்ந்தான். மொல்தோகாசி தன்னைக் கட்டிப்பிடித்து அழுததாக என்னிடம்தான் சொன்னான். ஆனால் அவளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். கலிபா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து, அவன் முன்னால் குந்தி பூட்ஸைக் கழற்றினாள். முன்பக்கம் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் திணித்திருந்த கம்பளித் துண்டுகளை வெளியே இழுத்தாள்.

“நனைஞ்சிருக்கு” என்றாள். அவற்றை அடுப்பருகே காயவைக்க உள்ளே எடுத்துப் போனாள்.