கல் வைக்காத அடுப்பு

யெனூரா அத்தையின் கைக்கு எங்கள் கூட்டத்தில் தனி மரியாதை இருந்தது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் காலில் முள் ஒடிந்தாலும், முதலில் அழைக்கும் பெயர் அவளுடையதுதான். நடக்க முடியாத மாமியாரை ஒட்டகத்தின் மேல் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பாலைவனம் முழுக்கச் சுற்றியவள். அந்தக் கிழவி சாகும்வரை வைதுகொண்டேதான் இருந்தாளாம்.

"கஞ்சியில உப்புப் போட்டியா, மண்ணப் போட்டியா?"

"ரெண்டும் போட்டிருக்கேன் மாமி. எது ருசியா இருக்குன்னு சொல்லுங்க."

எங்கள் ஆட்களில் கல்லூரிவரை போய்ப் பட்டத்தோடு திரும்பியவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுவது என் வேலை ஆகிவிட்டது. தலைவர் ஒர்தாக்கைப் பற்றி எழுது என்கிறார்கள். எழுதலாம், அவர் நன்றாகத்தான் வாழ்ந்தார். ஆனால் எனக்கு யெனூரா அத்தையைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவள் மூடிவிட்டுப் போன நெருப்பில் காலைச் சுட்டுக்கொண்ட பெண் என் அக்கா லூமி. நான் அப்போது பிறக்கவில்லை. என் அம்மா கஸீலா சொன்னதையும் அத்தையே சொன்னதையும் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அத்தை சொன்னது இன்னும் கடுமையாக இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் நாடு முழுக்க மணல். கல் என்றால் அது மலையடியிலிருந்து யாரோ எந்தக் காலத்திலோ சுமந்து வந்து போட்டதாக இருக்கும். ஒவ்வொரு தங்கலிலும் அடுப்புக்கு மூன்று கல் கிடக்கும். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைக்கிற ஊதாரித்தனம் எங்களிடம் கிடையாது. தணலை மணலால் மூடுவோம். அதன் மேல் மூன்று கல்லையும் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவோம். கல் நின்றால் கீழே நெருப்பு. இது நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். மணலுக்குள் தணல் ஒரு பகல் முழுக்கச் சாகாது. கல்லைத் தூக்கிக்கொண்டு போவதென்றால் பின்னால் வருகிறவனின் அடுப்பைத் திருடியதாகத்தான் கணக்கு.

அந்த முறை கூட்டம் இரண்டாகப் பிரிந்து நகர்ந்தது. கைக்குழந்தைகள், சீக்காளிகளோடு முன்கூட்டம் விடிகாலையில் கிளம்பும். ஆட்டு மந்தையோடு வருகிற பின்கூட்டம் மதியம் அதே இடத்தில் இறங்கும். யெனூரா முன்கூட்டத்தில் இருந்தாள். அவள் புருஷன் உப்பு ஏற்றிவரப் போயிருந்தான், ஒட்டகங்கள் எல்லாம் அவனோடு. வீட்டில் மிஞ்சியது ஒரு பெண் ஒட்டகமும் காய்ச்சலில் கிடந்து கால் துவண்டுபோன மகன் தாமிரும்தான்.

ரெட்டை வேலமரத்தின் அடியில் இரண்டு கூடாரம். ஒன்று யெனூராவுடையது. பக்கத்தில் ஹெப்ராவுடையது. ஹெப்ரா புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், முழங்கால் வீங்கியவள். அவள் வாய்க்கு மட்டும் எந்த வியாதியும் வந்ததில்லை.

"ஏ யெனூரா! உன் ஒட்டகம் எந்திரிக்கிறதுக்குள்ள என் முழங்காலே எந்திரிச்சிரும் போல. கெளம்புடீ!"

"புள்ளைக்குக் குளிருது பெரியம்மா."

"போத்தி விடு."

"இருக்கிறதையெல்லாம் போத்திட்டேன்."

ஹெப்ரா தன் ஒட்டகத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். தாமிரின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. "அம்மா, வயித்துக்குள்ள காத்தடிக்குது" என்றான். அவள் அடுப்பைப் பார்த்தாள். மூன்று கல்லும் இரவெல்லாம் நெருப்பில் இருந்தவை. ஒவ்வொன்றாகக் கம்பளியில் சுற்றினாள். இரண்டை வயிற்றோடும் ஒன்றைப் பாதத்திலும் வைத்துக் கட்டினாள். பல் அடிப்பது நின்றது. தணலின் மேல் வழக்கத்தைவிட இரண்டு பங்கு மணலை அள்ளிப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"பின்னால வர்றவங்களுக்குச் சாம்பல் தெரியும்னு நெனச்சேன்டா" என்றாள் என்னிடம். பிறகு அவளே, "காத்து அடிச்சா தெரியாதுன்னும் தெரியும்" என்றாள்.

காற்று அடித்தது. கல் ஆறியதும் ஒவ்வொன்றாக வழியில் போட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் சுரெம் கிணற்றடியில் பின்கூட்டம் வந்து சேர்ந்தபோது முதலில் கேட்டது லூமியின் அழுகைதான். என் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு நேராக யெனூராவின் கூடாரத்துக்கு ஓடினாள். வேறு எங்கே ஓடுவாள்?

யெனூரா துணியைப் பிரித்தாள். இரண்டு உள்ளங்காலும் தோல் உரிந்து கிடந்தன. விரல் இடுக்கெல்லாம் கொப்புளம்.

"எங்க மிதிச்சா?"

"ரெட்ட வேலமரம் இல்ல? அங்கதான். ஆட்டுக்குட்டியத் தொரத்திட்டு ஓடினா. கல்லே இல்ல மதினி. ஒரு அடுப்புல கல்லு நிக்குது, இன்னொண்ணுல மொட்டையா மணலு."

யெனூராவுக்குக் கை நின்றுவிட்டதாம். பிறகு திமில் கொழுப்பை உருக்கி, மரப்பட்டைத் தூளைக் கலந்து, ஊதி ஊதித் தடவினாள். லூமி அவள் தோளைக் கடித்துக்கொண்டு அழுதாள். கட்டி முடித்ததும் என் அம்மா அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தக் கை நல்லா இருக்கணும் மதினி. உன் புள்ள காலு தேறி, ஒட்டக மந்தையே மேய்க்கணும்."

யெனூரா கொழுப்புச் சட்டியைக் கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

பொழுது அடையும் முன் ஒர்தாக் எல்லோரையும் கூட்டினார். அடுப்பு சுட்டால் எங்களிடம் ஒரே வழக்கம்தான். சுட்ட வீட்டார் ஏறிப்போகும் ஒட்டகம், சுடுபட்டவர் எழுந்து நடக்கும்வரை அவருக்கு. சுட்ட வீட்டார் நடந்து வரவேண்டும். வேறொருவர் ஒட்டகத்தில் தொற்றிக்கொள்ளக் கூடாது.

"ரெட்ட வேலமரத்துல யாரு யாரு தங்கினது?" என்றார் ஒர்தாக்.

இரண்டு பேர். ஆனால் அத்தனை கண்ணும் ஒருத்தியிடம்தான் போயின. ஒருவன் சொன்னான்: "இடுப்புல கயித்தச் செருகிக்கிட்டு, கயித்தக் காணோம்னு ஊரையே தேட வச்ச மகராசி நம்ம ஹெப்ரா பெரியம்மாதான்."

சிரிப்பு. ஹெப்ரா சிரிக்கவில்லை.

"வச்சேன்னுதான் நெனக்கிறேன்" என்றாள். "கல்லச் சாய்ச்சு வக்கிறது கண்ணுல நிக்குது. ஆனா அது இந்தத் தங்கலா, போன தங்கலான்னு..." லூமியின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். "நானாத்தான் இருக்கும். வேற யாரு? யெனூராவா மறப்பா?"

அவளே எழுந்து போய்த் தன் ஒட்டகத்தை ஓட்டி வந்து கயிற்றை என் அம்மாவிடம் கொடுத்தாள்.

யெனூராவின் மடியில் தாமிர் தலை வைத்துப் படுத்திருந்தான். எழுந்து நின்றால் விழுந்துவிடுகிற கால் அவனுக்கு. அடுத்த கிணற்றுக்குப் பாதை நீளம். வாயைத் திறந்தால் ஒட்டகம் போய்விடும். நாளைக்குச் சொல்லலாம், இவன் கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்துக்கொண்டாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவளை யாரும் பார்க்கவேண்டிய தேவையே இல்லாமல் அவள் அதுவரை வாழ்ந்திருந்தாள்.

மறுநாளும் சொல்லவில்லை. கூட்டம் நகர்ந்தது. லூமி ஹெப்ராவின் ஒட்டகத்தில், தாமிர் யெனூராவின் ஒட்டகத்தில், ஹெப்ரா கம்பை ஊன்றிக்கொண்டு மணலில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யெனூரா லூமிக்குக் கட்டு மாற்றினாள். என் அம்மா ஒவ்வொரு முறையும் வாழ்த்தினாள். கட்டி முடித்த கையோடு யெனூரா ஹெப்ராவிடம் போய் அவள் முழங்காலை நீவிவிடுவாள். கறந்த பாலில் முதல் கிண்ணம் அவளுக்குத்தான்.

"என்னடீ இது?" என்றாள் ஹெப்ரா. "எனக்குச் சாவு வந்திருச்சா? யாரும் சொல்லாம மறைக்கிறீங்களா?"

"பேசாம குடிங்க பெரியம்மா."

"குடிக்கிறேன். ஆனா ஒண்ணு. இனிமே கெளம்புறப்ப என் அடுப்பையும் ஒரு நட வந்து பாத்துரு தாயி. உன் கண்ணு பாத்தா எனக்குத் தைரியம்."

யெனூரா சரி என்றாள். அடுத்த தங்கலில் போய்ப் பார்க்கவும் செய்தாள். ஹெப்ராவின் மூன்று கல்லும் சரியாகத்தான் நின்றன. அவற்றைத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்கு பெரியம்மா" என்று அவள் சொல்ல, கிழவி பள்ளிப்பிள்ளை மாதிரி மகிழ்ந்துபோனாளாம். இதைச் சொல்லும்போது அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்படியே போயிருக்கும். ஒட்டகம் கைவிட்டுப் போனதையும் கால் வலியையும் ஹெப்ரா தாங்கிக்கொண்டாள். யெனூராவும் தன் நாக்கைத் தாங்கிக்கொண்டிருப்பாள். உடைத்தது வேறொன்று.

ஒரு கிணற்றடியில் பெண்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை இல்லாத ஹெப்ராதான் அந்த நேரத்தில் எல்லார் குழந்தையையும் வாங்கி வைத்துக்கொள்கிறவள். ஒருத்தி வழக்கம்போலக் கைக்குழந்தையை நீட்டினாள். ஹெப்ரா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்கிட்டக் கொடுக்காத ஆத்தா. எங்கயாவது வச்சிட்டு மறந்துருவேன்."

வேடிக்கை என்று நினைத்து அவள் மறுபடி நீட்டினாள். ஹெப்ரா எழுந்து ஒட்டகங்களின் பக்கம் நொண்டி நொண்டிப் போய்விட்டாள்.

யெனூரா கயிற்றை விட்டாள். வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"ரெட்ட வேலமரத்துல கல்லு வக்காதது பெரியம்மா இல்ல. நான்தான். தாமிருக்குக் குளிருச்சு. அடுப்புக் கல்ல எடுத்துக் கட்டிக்கிட்டுப் போயிட்டேன்."

யாரும் நம்பவில்லை. அதுதான் அவளுக்குக் கிடைத்த பெரிய அடி. ஒருத்தி அவள் தோளில் கை போட்டு, "கெழவி நடக்கிறதப் பாத்து உனக்குப் பொறுக்கல, அதான் பழிய ஏத்துக்கிற" என்றாள். என் அம்மாவே, "மதினி எப்பவும் அப்படித்தான், யாரோட சொமையா இருந்தாலும் தூக்குவா" என்று சொல்லியிருக்கிறாள். யெனூரா அத்தை தான் கெட்டவள் என்று சத்தியம் செய்யவேண்டியிருந்தது. சத்தியத்தையும் அவர்கள் நல்ல குணத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒட்டகத்தின் மேலிருந்து தாமிர் சொன்னான்: "கல்லு நல்லா சூடா இருந்துச்சு. ஆறினதும் அம்மா தூக்கிப் போட்டுட்டா."



முதலில் சத்தம் வந்தது ஒட்டகங்களின் பக்கமிருந்து. ஹெப்ரா கம்பைத் தூக்கி வீசிவிட்டு வந்தாள். "அப்ப நான் வச்சேன்! கேட்டீங்களாடா? வச்சேன்! என் கண்ணுல நின்னது நெசந்தான்!" கயிறு விஷயத்தில் சிரிக்க வைத்தவனைத் தேடிப் பிடித்து அவன் காதைத் திருகினாள். குழந்தையை அதன் தாயிடமிருந்து பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்தக் குழந்தையோடு யெனூராவின் முன்னால் வந்து நின்றபோதுதான் அவள் முகம் மாறியது.

"என் முழங்காலத் தெனமும் நீவினியேடீ. ஒரு நாளாவது வாயத் தெறந்திருக்கலாமே. என் அடுப்பத் தொட்டுப் பாத்து, நல்லா இருக்குன்னியே."

"பெரியம்மா..."

"கூப்பிடாத."

பிறகு என் அம்மா வந்தாள். அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மா அடிக்கவில்லை. "ஒட்டகத்தக் கொண்டா" என்றாள். தாமிரை இறக்கிவிட்டுக் கயிற்றை யெனூரா நீட்டினாள். வாங்கிக்கொண்டு அம்மா சொன்னாள்: "இது வழக்கம், சரி. நான் உன் கையக் கண்ணுல ஒத்திக்கிட்டு வாழ்த்தினேனே, அத்தனையையும் வாங்கி வச்சுக்கிட்டியே. அத எப்படித் திருப்பித் தருவ?"

அதற்கு எங்கள் வழக்கத்தில் இடமில்லை.

ஹெப்ராவின் ஒட்டகம் அவளிடமே திரும்பிப் போனது. அன்றிலிருந்து யெனூரா தாமிரை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தாள். வயதுக்கு மெலிந்த பிள்ளைதான், ஆனாலும் மணலில் கால் புதையப் புதைய அவள் கூட்டத்துக்கு வெகுதூரம் பின்தங்கிவிடுவாள். கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்போதுதான் வந்து சேருவாள். வெயிலில் அவன் காய்ச்சல் திரும்பி வந்தது. தான் செய்ததற்கு இவன் வேகிறானே என்று ஒரு பக்கம். இவனுக்காக இன்னொருத்தி பிள்ளையை வேகவிட்டோமே என்று மறுபக்கம்.

"என்னாலதானே அம்மா?" என்று ஒரு நாள் முதுகிலிருந்து கேட்டிருக்கிறான்.

"உன்னால இல்லடா."

"பின்ன கல்லு யாருக்கு?"

இதை என்னிடம் சொல்லிவிட்டு, "திரும்ப அதே விடிகாலை வந்து, அவன் பல்லு அப்படி அடிச்சுக்கிட்டா, கல்ல எடுப்பேன்டா" என்றாள். "அதுதான் ஆறல. செஞ்சதுக்கு அழுதாச்சு. இன்னும் செய்வேங்கிறதுக்கு எங்க போய் அழ?"

லூமிக்குக் கட்டு மாற்ற என் அம்மா வேறு ஆள் வைத்துப் பார்த்தாள். லூமி தொட விடவில்லை. "யெனூரா அத்தைதான் வலிக்காம ஊதும்" என்று கத்தினாள். ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் கடைசியாக வந்து சேர்ந்து, முதுகுச் சுமையை இறக்கி, எங்கள் கூடாரத்தின் வாசலில் மண்டியிடுவாள். அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். யெனூரா ஊதுவாள், தடவுவாள், கட்டுவாள். யாரும் வாழ்த்த மாட்டார்கள். அந்த மௌனம் பழைய வாழ்த்தைவிட லேசாக இருந்தது என்று அத்தை சொன்னாள்.

மழை வாசனை வருகிற சமயத்தில் லூமி எழுந்து நடந்தாள். இன்றைக்கும் பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றித்தான் நடக்கிறாள். தாமிர் அதற்குக் கொஞ்சம் முன்பே நடந்துவிட்டான். ஹெப்ரா அவனோடு பேசினாள், அவன் அம்மாவோடு பேசவில்லை. அடுத்த வருஷம் நான் பிறந்தபோது என் அம்மா பிரசவம் பார்க்க வேறு கூட்டத்திலிருந்து ஆள் வரவழைத்தாள். அடுத்த கூடாரத்தில் யெனூரா வெந்நீர் வைத்து, கூப்பிடுவார்களா என்று அது ஆறும்வரை உட்கார்ந்திருந்தாளாம்.

லூமி நடந்த அன்று அம்மா ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு யெனூராவின் கூடாரத்துக்குப் போனாள். அவள் வெளியே வந்து நின்றாள். அம்மா கயிற்றை அவள் கையில் கொடுக்கவில்லை. குனிந்து முளையில் கட்டினாள். கிளம்பியவள் நின்று, ஒட்டகத்தின் மடியைப் பார்த்தபடி சொன்னாள்:

"பால் கொறஞ்சிருக்கு. பச்சக் கெள ஒடிச்சுப் போடு."

யெனூரா தலையாட்டினாள்.