செவிட்டைப் பொத்தி

கணக்கு மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி தெருப் புழுதியில் மல்லாந்து கிடந்தது. ஒரு வில்லையில் குறுக்கே வெடிப்பு. அதை எடுத்து, சட்டை விளிம்பில் துடைத்து, அவர் கையில் கொடுத்தவன் நான். 1997 மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை. நாள், கிழமைகளைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்துதான் தொடங்கியது.

போரால் வந்த இடப்பெயர்வு முடிந்து சொந்த ஊரான சரவணைக்கு நாங்கள் திரும்பி அதிக காலம் ஆகவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஓர் இராணுவக் காவலரண் இருந்தது. எட்டத்திலேயே சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். அன்று பின்காற்றில் வந்த மாஸ்டர் இறங்கச் சற்றுப் பிந்திவிட்டார். மீசை அரும்பாத ஒரு சிப்பாய் ஓடிவந்து அவரது கன்னத்தில் அறைந்தான். கண்ணாடி பறந்தது. சைக்கிளை உதைத்து விழுத்தியவன், பிறகு அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னான். கைகள் நடுங்கி, பெடல் நெற்றியைக் கிழித்து, இரத்தம் அவரது வெள்ளைச் சேட்டில் சொட்டியபோது சிரித்தான். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். அவரைப் போகவிட்டதும் நான் கண்ணாடியை நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

‘செவிட்டைப் பொத்தி அறைவன்’ என்பது எங்கள் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் வெருட்டு. கன்னமும் காதும் சேர்ந்த இடத்தைத்தான் செவிடு என்கிறோம். அம்மா சொல்வா, மாமா சொல்வார். சொல்லிவிட்டுச் சோறு போடுவார்கள், அறைவதில்லை. அன்றைக்கு மாஸ்டர் வகுப்புக்குள் வந்ததும் அந்தச் சொல்லைச் சொல்லவேயில்லை. என்னை முன்னுக்குக் கூப்பிட்டார்.

“என்னடா பாத்தனி?”

“ஒண்டும் பாக்கேல்லை, சேர்.”

“பாக்காமலோ கண்ணாடியை எடுத்துத் தந்தனி?”

இடது காதில் விழுந்தது முதல் அறை. அதற்குப் பிறகு நடந்தவை எனக்குச் சத்தமில்லாமல் நடந்தன. மேசை விளிம்பில் தலை மோதியது. விழுந்த என்னை அவர் காலால் உதைத்தார், கரும்பலகை துடைக்கும் கட்டையால் முதுகில் அடித்தார். அவருடைய வாய் திறந்து திறந்து மூடியது. அவர் நெற்றிக் காயம் மறுபடி வெடித்து, அந்த இரத்தம் என் சேட்டில் விழுந்தது. என் காதிலிருந்து வடிந்ததும் அதோடு கலந்தது. அம்மா தோய்க்கும்போது எது யாருடையது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று கத்தினா. “அவங்களிட்டை வாங்கினதை என்ரை பிள்ளையிலையோ இறக்கினனீர்? அடிச்சவனுக்குத் திருப்பி அடிக்க ஏலாதே உமக்கு?” வாத்தியாரை ‘நீர்’ என்று அவ விளித்ததே ஓர் அடிதான். பிறகு இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அவருடைய சைக்கிளில் எறிந்தா. “அந்தக் கை விளங்காமல் போகும்!” மாஸ்டர் வெளியே வரவில்லை. தவணை முடியுமுன் மாற்றலாகிப் போய்விட்டார். என் காதில் மாதக்கணக்காகச் சீழ் வடிந்தது. இராணுவத்திடம் அனுமதி எடுத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, பிந்திவிட்டது என்றார்கள்.

அவரும் பாவம்தானே, மறந்துவிடு தம்பி என்று பலர் சொன்னார்கள். அவர் ஏன் அடித்தார் என்பது எனக்குத் தெரியும். காரணம் தெரிந்தால் கோபம் ஆறிவிடும் என்று அவர்கள் நினைத்தார்கள்; எனக்கு ஆறவில்லை. வேலிக்கு ஓலை வெட்டப் போனால், கொடுவாக்கத்தியின் கீழ் வந்த ஒவ்வொரு மட்டையும் எனக்கு அவருடைய மணிக்கட்டாகவே இருந்தது. வலப்பக்கம் சரிந்து படுத்தால் கேட்கும் காது தலையணையில் அடைபட்டு உலகம் நின்றுவிடும். அந்த மௌனத்துக்குள் அறை மட்டும் கேட்கும். மன்னிப்பைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். மன்னிக்கிறவன் அந்தப் புத்தகங்களில் எப்போதும் மேட்டில் நிற்கிறான். நான் நின்றதோ பள்ளத்தில், கையில் கத்தியோடு.

2009 ஆனி, நயினாதீவில் அம்மன் திருவிழாக் காலம். குறிகட்டுவான் துறையிலிருந்து புறப்பட்ட லோஞ்ச் படகில் கடைசிப் பலகையில் இருந்தேன். சோளகக் காற்றில் கடல் பலகையோடு மோதி மோதித் தெறித்தது. எனக்கு இடப்பக்கம் வந்து குந்தியவர் மாஸ்டர். தலை முழுக்க நரை. நெற்றித் தழும்பைக் கொண்டுதான் மட்டுக்கட்டினேன். அவரும் என்னை அறிந்துகொண்டார். பக்கத்தில் தாழ்ந்த விளிம்பு, அதற்கப்பால் கடல். ஒரு தள்ளுப் போதும் என்று நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

அவர் என் பக்கம் சாய்ந்து, இடது காதுக்குள் ஏதோ சொல்லத் தொடங்கினார். நெடுநேரம் சொன்னார். உதடு நடுங்கியது, கண் கலங்கியது. எனக்குக் கேட்டது எஞ்சின் சத்தம் மட்டும். பன்னிரண்டு வருடமாக நான் காத்திருந்த சொல் அதுவாகத்தான் இருக்கவேண்டும். தலையாட்டியிருந்தால் அவருக்கு அது போதும். கேட்காத ஒன்றுக்கு எப்படித் தலையாட்டுவது?

“சேர், அந்தக் காது கேளாது. நீங்கள் அடிச்ச காது.”

அறை வாங்கியவர்போல அவர் தலை பின்னால் போனது. காது போன கதை அவருக்கு அதுவரை தெரியாது. அவர் நோவதைப் பார்க்க எனக்கு விருப்பமாகவே இருந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவர் தன் வலது கையை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆடுகிற லோஞ்சில் பலகையைப் பிடித்துப் பிடித்து என் மறுபக்கம் வந்து குந்தினார்.

“நீ அண்டைக்கு அந்தக் கண்ணாடியை எடுத்துத் தந்திருக்கக் கூடாதடா.”

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. முதலில் சொன்னது என்ன என்று நான் கேட்கவுமில்லை.

இப்போதும் வலப்பக்கம் சரிந்து படுத்தால் அந்த அறை கேட்கும். முன்பெல்லாம் அதோடு நின்றுவிடும். இப்போது அதற்குப் பின்னால் லோஞ்ச் எஞ்சினும் கேட்கிறது.

அன்று லோஞ்ச் துறையை நெருங்கும்போது ஓர் அலை எங்கள் இருவரையும் முகத்தில் அடித்தது. அவர் தடவித் தடவிக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “ஒண்டும் தெரியேல்லை. துடைச்சுத் தா.” சட்டை விளிம்பில் துடைத்து அவர் கையில் வைத்தேன். இம்முறை என் முகத்தைப் பார்த்து வாங்கினார்.